பச்சைச் சட்டைக்காரனின் தூக்குப்போசி

படம் முடிந்து திரையில் 'சுபம்' என்று விழும்போது கொட்டகையில் பாதிப் பேர் வாசலைத் தாண்டியிருப்பார்கள். அக்கா மட்டும் பெஞ்சை விட்டு எழ மாட்டார். வெறுந்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்று, "எந்திரிங்கம்மா, படம் முடிஞ்சு போச்சு" என்பாள்.

"எங்க முடிஞ்சுது?" என்பார் அக்கா.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கூத்துதான். முறுக்குக் கடையருகே நாங்கள் காத்துக் கிடப்போம். எனக்கு வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். இவர் ஆடி அசைந்து கடைசி ஆளாக வெளியே வருவார்.

நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. திருப்பூரில் ரயில் பாதைக்கு வடக்கே ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் ஏழு பெண்கள் செக்கிங் மேசையில் இருந்தோம். தைத்து வருகிற பனியனுக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் ஒதுக்க வேண்டும். பிசிறு இருந்தால் வெட்ட வேண்டும். அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு இருபத்தாறு, வாய் ஒன்றுதான் என் சொத்து. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் மற்ற எல்லோருக்கும் அக்கா என்பதற்கு முன்னால் ஊர்ப் பெயரோ பட்டப் பெயரோ ஒட்டியிருக்கும். வெறும் அக்கா என்றால் அவர் ஒருவர்தான். அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் பார்த்தால், திங்கட்கிழமை காலையில் மேசையில் படத்தைப் பிரித்து மேய்வோம். பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கட்டிங் மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருவார். தையல்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு வருவார். கணக்குப்பிள்ளை கண்டிக்க வருகிற மாதிரி வந்து, தானும் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் யாராவது, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்பார்கள். அவர் சொல்கிற ஒரே அபிப்பிராயம் ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு பழிவாங்கும் படம் வந்தது. பெயர் வேண்டாம்; அந்த மாதிரிப் படம் எந்த வருஷமும் ஒன்று வரத்தான் செய்கிறது. அண்ணனைக் கொன்றவர்களைத் தம்பி தேடித் தேடித் தீர்க்கிறான். கடைசியில் விலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறுகிறான். அம்மா திருநீறு பூசி விடுகிறாள். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. சுபம்.

"சண்டைன்னா இதுங்க சண்டை" என்றார் கட்டிங் மாஸ்டர். "கத்தியை எடுத்தா வெட்டாமக் கீழ வெக்கறதில்லை. நம்ம தொழில் மாதிரி."

"அம்மாக்காரி அழுகறப்ப நான் முந்தானையைப் புழிஞ்சு போட்டனுங்க" என்றாள் மடிப்பு மேசைப் பெண்.

"வில்லனை இத்தனை சுளுவாக் கொன்னிருக்கப்படாதுங்க" என்றார் தையல்காரர். "இன்னுங் கொஞ்ச நேரம் துடிக்க உட்டிருக்கோணும்."

"பாட்டு ரெண்டு எச்சா, கொலை ரெண்டு கம்மி" என்றார் கணக்குப்பிள்ளை.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? அவன் ஜீப்பில் ஏறும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது என்றேன். உண்மைதான். விசிலடிக்கத் தெரியவில்லையே என்று அன்றைக்கு வாய்விட்டே வருத்தப்பட்டேன்.

அக்கா ஒரு பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி கேட்டார்: "அந்தப் பச்சைச் சட்டைக்காரன் ஊட்டுக்கு ஆரு போய்ச் சொன்னாங்க?"

எந்தப் பச்சைச் சட்டைக்காரன் என்று எங்களுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. கதாநாயகன் வில்லனுடைய அரிசி ஆலைக்குள் நுழையும்போது வாசலில் ஒரு காவல்காரன் குறுக்கே வருவான். ஒரே வெட்டு. தவிட்டுக் குழியில் உருண்டு விழுவான். கொட்டகையே சிரித்த இடம் அது.

"அவன் கையில ஒரு தூக்குப்போசி இருந்துது பாத்தீங்களா?" என்றார் அக்கா. "அப்பத்தான் சோத்தைத் தொறக்கப் போனான். போசி அங்கயே உருண்டு கெடக்குது. அதை ஆரு எடுத்துட்டுப் போய் அவன் ஊட்டுல குடுப்பாங்க?"

மேசை கொல்லென்று சிரித்தது. அன்று முதல் கம்பெனியில் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. யாராவது நேரம் கழித்து வந்தால், "ஏனுங்க, பச்சைச் சட்டைக்காரன் ஊட்டுக்குச் சொல்லப் போயிருந்தீங்களா?" என்பார்கள். அதிகம் சொன்னவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு நாள் தையல்காரர், "அண்ணனைக் கொன்னவனைப் பழி வாங்காம உட்டா, அவன் அப்பறம் என்னுங்க ஆம்பளை?" என்று அடித்துப் பேசினார்.

"வாங்கறது செரி" என்றார் அக்கா. "வாங்குனதை எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"எதைங்க?"

"பழியைத்தான். ஒரு அண்டா வாங்குனாக்கூட ஊட்டுல எடம் ஒதுக்கோணுமல்ல. அவன் ஜீப்புல ஏறிப் போயிட்டான். வாங்குனது அவங்கம்மாளோட ஊட்டுலதான கெடக்கும்?"

தையல்காரருக்கு அது ஏதோ வார்த்தை விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏனுங்கக்கா, ஆறு நாளு இங்க ஓட்டை பாக்கறோம். ஏழாம் நாளு படத்துக்குப் போனா அங்கயும் ஓட்டைதான் பாக்கோணுமா?" என்றேன்.

"ஓட்டை இருந்தா என்ன புள்ள பண்றது?" என்றார். குரலில் கோபமில்லை. கையிலிருந்த பனியனை ஒதுக்கிப் போட்டார்.

இத்தனை குறை சொல்கிறவர் ஏன் ஒரு வாரம் விடாமல் படத்துக்கு வருகிறார் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "ஒரு படத்துலயாச்சு ஆராவது போய்ச் சொல்றாங்களான்னு பாக்கத்தான்" என்றார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. எங்கள் பகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்லப் போகிறவர் அவர். அது ஆண்கள் போகிற வேலை. இவர் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். சலவைப் பட்டறையில் ஒருவர் மயங்கி விழுந்து இறந்துபோனபோது, செக்கிங்கைப் பாதியில் போட்டுவிட்டுச் சோமனூருக்குப் பஸ் ஏறிவிட்டார். சூபர்வைசர் வந்து கத்தினார். "சொல்ல வேண்டியதைச் சொல்லாம என்ரயால இருக்க முடியாதுங்க" என்று மறுநாள் வந்து சாதாரணமாகச் சொன்னார்.

அன்று சோமனூருக்கு அவரோடு நானும் போயிருந்தேன். அந்த வீட்டுத் தறிச் சத்தம் நிற்கும்வரை தெருவிலேயே நின்றார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். வாசலுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. உடம்பு கொஞ்சம் சுகமில்லை, கிளம்பி வாருங்கள் என்று மற்றவர்கள் பூசி மெழுகுவார்களே, அதெல்லாம் கிடையாது. "எழவு சொல்ல வந்திருக்கறனுங்க" என்று தொடங்கி, இன்னார் போய்விட்டார், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று நேராகச் சொன்னார். அவர்கள் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தார். இழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆடி மாதமே கம்பெனியில் இஸ்திரி மேசைக்கு ஒரு பையன் புதிதாக வந்திருந்தான். பத்தொன்பது வயது. காங்கேயம் பக்கம் ஊர். வாரம் முழுக்க இங்கே ஓர் அறையில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு ஊருக்குப் போய், திங்கள் காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். வேலை சுத்தம். ஒரு குறைதான். சாயங்காலம் பெல் அடித்தால் பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவான். வருகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

"சொல்லீட்டுப் போனா வாயில இருக்கற முத்து கொட்டிருமா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தான், போனான். திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் பழிவாங்கும் படத்தை அவன் ஐந்து தடவை பார்த்திருந்தான். இஸ்திரி போட்டபடியே வசனத்தை வரிசை பிசகாமல் சொல்வான். கட்டிங் மாஸ்டருக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஒரு திங்கட்கிழமை, "உனக்குப் படத்துல எது தம்பி நெம்பப் புடிச்சுது? சண்டையா?" என்று அவனைக் கேட்டார்.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான். "கடைசியில ஜீப்புல ஏறறானல்லங்க, அங்கதான் படமே இருக்குது. அதுக்கப்பறம் தூக்குல போட்டாலும் என்னுங்க?" பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான். "தையில ஒருத்தன் ஜெயில்ல இருந்து வெளிய வர்றான். எங்கப்பனைக் கொன்னவன். அப்பப் பாருங்க என்ர படத்தை."

மாஸ்டர் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சினிமாப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பக்கத்தில் கத்தரி விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கையிலிருந்த நல்ல பனியனில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. ஓட்டை பார்க்கிறவர் கையால் ஓட்டை விழுந்தது அந்த ஒரு நாள்தான்.

மத்தியானம் கம்பெனிக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் சோற்றைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னார்.

"அவன் சொன்ன ஆளு என்ர ஊட்டுக்காரரு."

புருஷன் எங்கே என்று யார் கேட்டாலும் "வெளியூருல இருக்கறாருங்க" என்று சொல்லிவந்தவர். வேறு யாரோடோ போய்விட்டார் போல என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டதும் உண்டு.

காங்கேயம் மாட்டுச் சந்தையில் ஒரு காளையைப் பேரம் பேசும்போது வாய்ச்சண்டை வந்து, இவருடைய கணவரின் அண்ணனை அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் தடியால் அடித்துவிட்டார். அண்ணன் இறந்துபோனார். சாட்சி சொல்ல ஆள் வரவில்லை, வழக்கு நிற்கவில்லை. அதன்பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. அண்ணன் மண்ணுக்குள் கிடக்கிறான், தம்பி சோறு தின்கிறான் என்று கிணற்றடியிலும் டீக்கடையிலும் பேசினார்கள். ஒரு வருஷம் பொறுத்திருந்துவிட்டு, அரிசி மில்லுக்குப் போகிற வண்டிப் பாதையில் அந்த ஆளை இவருடைய கணவர் வெட்டிப் போட்டார். நேரே வீட்டுக்கு வந்து கை கழுவினார். "முடிச்சுட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை புள்ள. கொடத்தைத் தூக்கீட்டுக் கெணத்துக்குப் போயிட்டேன். அங்க அந்தாளோட சம்சாரம் நிக்கறா. ஆம்பளைகளுக்குள்ள பகைன்னாலும் நாங்க ரெண்டு பேரும் பேசீட்டுத்தான் இருந்தோம். கையில தூக்குப்போசி. 'அவிய போசியை மறந்துட்டு மில்லுக்குப் போயிட்டாங்க அக்கா, சோறு கொண்டுட்டுப் போறேன்'னு சொல்றா. அஞ்சு வயசுப் பையன் அவ சீலையைப் புடிச்சுட்டு நிக்கறான். 'அவனைச் செத்த பாத்துக்குங்க, வெயிலு நெம்ப'ன்னு என்ரகிட்டயே உட்டுட்டுப் போறா. செருப்புக்கூட இல்லை. வேகவேகமா நடக்கறா. எனக்குத் தெரியும், அவ எதைப் பாக்கப் போறான்னு. ஒரு வார்த்தை என்ர வாயில வரலை."

அந்தப் பையன்தான் இஸ்திரி மேசைக்கு வந்திருக்கிறான். சேரும்போது ஊர்ப் பெயரும் அப்பன் பெயரும் சொன்னானாம். அன்றே தெரிந்துகொண்டார். இவர் அந்த வருஷமே ஊரை விட்டு வந்துவிட்டதால் அவனுக்கு இவர் யாரென்று தெரியாது.

"எங்க ஊட்டுக்காரரை ஸ்டேஷன்ல இருந்து போலீஸ் வண்டியில ஏத்துனப்ப ஊரே கூடி நின்னுது. ஆரோ துண்டு போட்டாங்க. ஒருத்தன் விசிலடிச்சான்" என்றார். "அடுத்த வாரம் எனக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்துத் தர ஆளில்லை."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிலடிக்கத் தெரியவில்லையே என்று நான் சொன்னதை இவர் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

பையனின் அம்மா தன் கணவனுக்குக் கருமாதி செய்யவே விடவில்லையாம். கொன்றவன் சாகிற அன்றைக்குத்தான் கருமாதி என்று சொல்லிவிட்டாளாம். பதினான்கு வருஷமாக அது இழவு வீடாகவே கிடக்கிறது. வாசலில் கோலம் இல்லை. போகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

"அந்தப் புள்ள சொல்லாமப் போறான்னு நீ ஏசறயே, அது திமிரில்லை கண்ணு. சொல்லீட்டுப் போற பழக்கமே அந்த ஊட்டுல இல்லை. அவன் அதுலயே வளந்தவன்."

போலீசில் சொல்லிவிடலாமே என்றேன். வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாமே என்றேன்.

"எங்க போனாலும் தேடி வருவான். எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு ஆகறதை உடு, அவரு செஞ்சதுக்கு அவரு. இந்தப் பையன் ஜீப்புல ஏறுவான். அப்பறம் அவங்கம்மா போசியைத் தூக்கிட்டு எந்த மில்லுக்குப் போவா?" எழுந்து சீலையைத் தட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை நான் அந்த ஊட்டுக்குப் போறேன். கூட வர்றயா? நீ ஒண்ணும் பேச வேண்டாம், நின்னாப் போதும்" என்றார்.

பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவன் இங்கே ஆறாவது தடவை பகல் ஆட்டத்துக்கு வரிசையில் நின்றிருப்பான். நாங்கள் காங்கேயத்தில் இறங்கி, தேங்காய்க் களங்களைத் தாண்டி நடந்தோம். தேங்காய்ப் பருப்பு காய்கிற வாசனை கூடவே வந்தது. ஊர்க் கிணறு வந்தபோது அக்கா முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓட்டு வீடு. கோலம் காணாத வாசல். அக்கா செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். சோமனூரில் நின்ற மாதிரியே நின்றார்.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா?"

"ஆருங்க?" என்று கேட்டபடி அந்த அம்மாள் வெளியே வந்தாள். அக்காவை விடச் சின்னவள், ஆனால் தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எழவு சொல்ல வந்திருக்கறனுங்க" என்றார் அக்கா.

அந்த முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஐயோ, என்ர பையனுக்கா?" என்று அலறிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "திருப்பூருல இருந்து வர்றீங்களா? என்ர பையனுக்கு என்னாச்சு, சொல்லுங்க சாமி!"

"இல்லீங்க, இல்லீங்க. பையன் நல்லா இருக்கறான். எங்க கம்பெனியிலதான் வேலை பாக்கறான். படத்துக்குப் போயிருக்கறான்." அக்காவின் குரல் நடுங்கியது. அதற்கு முன்னும் பின்னும் நான் அதைக் கேட்டதில்லை. "உங்க ஊட்டுக்காரரு செத்துப் போயிட்டாருங்க. மில்லுக்குப் போற வண்டிப் பாதையில. எங்க ஊட்டுக்காரருதான் வெட்டிப் போட்டாரு. நீங்க போசியைத் தூக்கிட்டுப் போகாதீங்க."

அந்த அம்மாளுக்கு அது உள்ளே போய்ச் சேர நேரம் ஆனது.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"கெணத்தடியில நிக்கறப்பவே?"

"தெரியுமுங்க."

"சோறு ஆறிப்போயிருமேன்னு ஓடுனனே..." என்றாள். எழுந்து வந்து இரண்டு கையாலும் அக்காவின் தோளில் அடித்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? போகாதேன்னு ஒரு வார்த்தை?" அக்கா அசையவில்லை. "சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். அடித்த கை அப்படியே தோளைப் பிடித்துக்கொண்டது. இருவரும் வாசலிலேயே உட்கார்ந்து, கேதம் கேட்கிற பெண்கள் அழுகிற மாதிரி தோளில் தோள் சாய்த்து அழுதார்கள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அழுகை அடங்கிய பிறகு அந்த அம்மாள், "பையனுக்குன்னு நெனச்சுட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "என்ர பையனுக்குன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பையனைத் தடுத்து வையுங்கள் என்று அக்கா கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்கவே இல்லை.

வெயில் சாய்ந்ததும் அக்கா எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இழவு வீட்டில் செய்கிற முறைப்படி, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டும்போது என் பாழும் வாய் என்னைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். திரும்பிப் பார்த்து, "அப்ப போயிட்டு வர்றமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பதினான்கு வருஷமாக அந்த வாசலில் யாரும் சொல்லாத வார்த்தை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். கோலமில்லாத தன் வாசலைப் பார்த்தாள்.

"செரி" என்றாள். "போயிட்டு வாங்க."

பஸ்ஸில் திருப்பூர் எல்லை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போதுதான், "ஊட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திக்கோணுமுங்களாக்கா?" என்று கேட்டேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் உள்ளே நுழைய மாட்டோம்.

"வேண்டாம்" என்றார். "அதுதான் வாங்கன்னு சொல்லீட்டாங்கல்ல."

கார்த்திகை முடிவதற்குள் அந்த வீட்டில் கருமாதி நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அக்காவைக் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தையில் அவர் வீட்டுக்காரர் வந்தார். அதிகம் பேசாத, கூனிப்போன மனிதர். அவர் இறக்கும்வரை எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். யாரும் தேடி வரவில்லை. அக்கா அதன்பிறகும் ஞாயிறு தவறாமல் படத்துக்கு வந்தார், கடைசி ஆளாகத்தான் எழுந்தார். பச்சைச் சட்டைக்காரன் கேலியை மட்டும் நான் யாரையும் சொல்ல விடவில்லை.

ஆனால் என்ன ஆகும் என்பது எனக்கு அந்தத் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. நாங்கள் போய் வந்த மறுநாள். அவன் வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் அம்மாவும் பிள்ளையும் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. வசனம் சொல்லவில்லை. கட்டிங் மாஸ்டர் வந்து, "ஆறாவது தடவை எப்படி இருந்துது தம்பி?" என்று கேட்டபோதும் குனிந்த தலை நிமிராமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அக்காவும் நிமிரவில்லை. நான் அன்று எத்தனை ஓட்டைப் பனியனை நல்லதென்று அனுப்பினேனோ, எனக்கே தெரியாது.

சாயங்காலம் பெல் அடித்தது. பையை மாட்டினான். விறுவிறுவென்று வாசல்வரை போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து, எங்கள் மேசையின் கோடியில் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த பனியன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, அதனால் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது.

"போயிட்டு... வர்றனுங்க அக்கா."

அக்கா ஒரு பனியனுக்குள் கையை விட்டு ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தார். விரித்த விரல்கள் உள்ளே மடங்குவது தெரிந்தது.

"போயிட்டு வா, சாமி" என்றார்.

அவன் போய் வெகுநேரம் ஆகியும் அவர் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.